தடவினாலே அழுந்திவிடும் இண்டக்‌ஷன் அடுப்பு: மாற்றித் தரக் கோரிப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வீட்டில் மூன்று வேளைச் சமையலும் நான்தான். உங்கள் கம்பெனியின் பழைய இண்டக்‌ஷன் அடுப்பைப் பல வருஷம் நிம்மதியாகப் பயன்படுத்தினேன். தீ கிடையாது, சேலைத் தலைப்பு பற்றிக்கொள்ளுமோ என்ற பயம் இல்லை, அமுக்கினால் உள்ளே போகும் பட்டன்கள். அது பழுதானதும் போன மாதம் புது மாடலை ஆன்லைனில் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் 'புஷ் பட்டன்' என்று இருந்ததைப் போன் வாசித்துக் காட்டியதால்தான் வாங்கினேன். வந்ததோ முழுக்க வழவழவென்று கண்ணாடி.

நாங்கள் பட்டனைக் கண்டுபிடிப்பதே தடவித்தான். இதில் தடவினாலே அழுத்தியதாகிவிடுகிறது. கூட்டினாலும் குறைத்தாலும் ஒரே 'பீப்', எத்தனை வாட்ஸில் ஓடுகிறது என்பது டிஸ்ப்ளேயில் மட்டும்தான். போன வாரம் அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்து, வழக்கம்போல ஒரு கடுகைப் போட்டு, அது பொரியும் சத்தத்தில் காய்ந்துவிட்டது என்று தெரிந்து சூட்டைக் குறைக்கத் தொட்டேன். பீப் வந்தது, சரி குறைந்துவிட்டது என்று நினைத்தால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் புகையும் வாடை. ஏறியிருக்கிறது! சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துத்தான் நிறுத்த முடிந்தது.

விரலுக்குத் தட்டுப்படும்படி ரப்பர் புள்ளியும் ஒட்டிப் பார்த்தாயிற்று. குறியின் மேலேயே ஒட்டினால் தொடுவது பதிவாவதில்லை, பக்கத்தில் ஒட்டினால் புள்ளியைத் தேடும்போதே வேறு எதிலாவது விரல் படுகிறது. இதே உங்கள் ஓடிஜி அடுப்பில் (கேக் சுடும் மின்சார அடுப்பு) சூட்டை வைக்கத் திருகும் குமிழ் இருக்கிறது. 180 டிகிரி வரும் இடத்தில் எம்-சீல் ஒட்டுப் பசையால் மெல்லிசாக ஒரு கோடு வைத்திருக்கிறேன், கேக் ஒருநாளும் கருகியதில்லை. செய்யத் தெரியாத கம்பெனி இல்லை நீங்கள், அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

சேவை மையத்துக்குப் போன் செய்தால், "வீட்டில் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் மேடம்" என்கிறார்கள். இது ஒரு பதிலா? அனுப்பிய கையேடும் ஸ்கேன் செய்த படம், போனில் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைத்த நுகர்பொருள்களை ஊக்குவிக்கும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. அரசு வந்து சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆன் - ஆஃபுக்கு நிஜமான ஒரு பட்டன், கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் வேறு வேறு சத்தம், இவ்வளவு போதும். கண் மங்கிய வயதானவர்களுக்கும் இது உதவும்.

இந்த அடுப்பை எடுத்துக்கொண்டு அமுக்கும் பட்டன் உள்ள மாடலைத் தாருங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்புங்கள். விற்பனைப் பக்கத்தில் உள்ள தவறான விவரத்தையும் உடனே திருத்துங்கள், அதை நம்பி இன்னொருவர் வாங்கிவிடக் கூடாது. பில் நகலை இணைத்திருக்கிறேன். பதிலைப் படமாக அனுப்பாமல் மின்னஞ்சலிலேயே எழுத்தாக அனுப்புங்கள், நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்