ஸ்கலோனிக்கு ஒரு வரிதானா?

ஆசிரியருக்கு,

அர்ஜென்டினா கால்பந்து அணியைப் பற்றி எழுதும்போதெல்லாம் பத்திகளை மெஸ்ஸியே நிரப்பிவிடுகிறார். பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனிக்குக் கிடைப்பது ஒரு வரி.

ஆட்டக்காரராக அவர் பெரிய நட்சத்திரம் இல்லை, உண்மைதான். 2000-ல் ஸ்பெயின் லீக்கை வென்ற டெபோர்டிவோ லா கொருன்யாவில் இருந்தார். நாட்டுக்காக ஆடியது 7 ஆட்டங்கள் மட்டுமே. 2006-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் அவர் ஆடிய வெஸ்ட் ஹாம் 3-2 என முன்னிலையில் இருந்தபோது, கடைசி நேரத்தில் அவர் அடித்து விலக்கிய பந்து லிவர்பூலிடமே போனது. சற்று நேரத்தில் லிவர்பூலின் ஜெரார்டு கோல் போட்டுச் சமன் செய்தார். பெனால்டியில் கோப்பை பறிபோனது. பாவம், அந்தப் பழி வெகுகாலம் ஒட்டிக்கொண்டது.

2018-ல் அப்போதைய பயிற்சியாளர் சம்பவோலி விலகியதும் ஸ்கலோனியைத் தற்காலிகமாகத்தான் உட்கார வைத்தார்கள். அதற்கு முன் எந்த சீனியர் அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. மரடோனாவே கடுமையாகக் கிண்டலடித்தார். அப்புறம் நடந்தது தெரிந்ததே: 2021-ல் தென் அமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா கோப்பை, 2022 உலகக் கோப்பை, 2024-ல் மீண்டும் கோபா.

எனக்குப் பிடித்தது கத்தார் உலகக் கோப்பையில் அவர் காட்டிய துணிச்சல். சவூதியிடம் தோற்றதும், அடுத்த இரண்டு ஆட்டங்களுக்குள் மக் அலிஸ்டர், என்சோ பெர்னாண்டஸ், ஹூலியன் அல்வாரெஸ் என இளைஞர்களை முதல் பதினொருவரில் இறக்கினார். முன்னணி தாக்குதல் ஆட்டக்காரர் லௌதாரோ மார்ட்டினஸையே பெஞ்சில் உட்கார வைத்தார்! இதைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை வெளியிடலாமே?

– ஒரு வாசகர்