எறியத் தெரியாத தடுப்பாட்டக்காரரை எடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்வுசெய்யும் டிராப்ட் குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரை, தடுப்பாட்டத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தொலைவிலிருந்து பந்தைக் கூடையில் போடத் தெரியாத விங் வீரரை (பக்கவாட்டில் ஆடுபவரை) எந்த அணியும் எடுக்கக் கூடாது என்று அடித்துச் சொல்லியிருந்தது. அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

கட்டுரையாளரின் அச்சம் வீணானதல்ல. 2015 பிளே ஆப் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றத் தொடர்) இரண்டாம் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக மெம்பிஸ் 2-1 என முன்னிலையில் இருந்தபோது, நான்காவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், மெம்பிஸின் டோனி ஆலனைக் கவனிக்கும் பொறுப்பைத் தம்முடைய ஏழடி உயர சென்டரான (கூடையருகே ஆடும் உயரமான வீரர்) ஆண்ட்ரூ போகட்டிடம் ஒப்படைத்தார். போகட்டோ ஆலன் பக்கமே போகாமல், முடிந்தால் எறிந்துகொள்ளட்டும் என்று கூடையடியை அடைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பாட்ட அணியில் இடம்பிடித்த ஆலனை வைத்தே மெம்பிஸின் தாக்குதல் முடக்கப்பட்டது. தொடரை 4-2 என கோல்டன் ஸ்டேட் வென்றது. 2017இல் ஓக்லஹோமா சிட்டியின் ஆண்ட்ரே ராபர்சனை ஹூஸ்டன் அணியினர் வேண்டுமென்றே பவுல் (விதிமீறல்) செய்து, அதற்கு ஈடாக யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் ப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தொடரில் 21 முயற்சிகளில் அவர் போட்டவை மூன்றே மூன்று. பார்ப்பவருக்கே மனம் சங்கடப்பட்டது.

ஆனால் டிராப்டில் ஆலன் 2004இல் 25ஆவதாகவும், ராபர்சன் 2013இல் 26ஆவதாகவும் தேர்வானவர்கள். டிராப்டின் முதல் சுற்றின் கடைசிப் பகுதியில் கிடைத்த ஒருவர், எதிரணியின் முதன்மை ஆட்டக்காரரைப் பல பருவங்கள் கட்டிப்போட்டார் என்றால் அது நஷ்டமாகாது. உண்மையான நஷ்டம், 2012இல் சார்லட் அணி மைக்கேல் கிட்-கில்கிறிஸ்டை இரண்டாம் இடத்தில் எடுத்தது. அடுத்த இடத்தில் பிராட்லி பீலும், ஆறாம் இடத்தில் டேமியன் லில்லார்டும் வேறு அணிகளுக்குப் போனார்கள். தப்பு எடுத்ததில் இல்லை, எடுத்த இடத்தில்தான்.

எறிதலைக் கற்றுக்கொள்ளக்கூடியவர் யார் என்பதை, கல்லூரியில் அவருடைய மூன்று புள்ளிச் சதவீதத்தை (தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவற்றில் கூடையில் விழுந்த பங்கை) மட்டும் வைத்து முடிவுசெய்வதும் சரியல்ல. கவாய் லெனர்ட் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் மூன்று புள்ளி முயற்சிகளில் ஏறக்குறைய 29 சதவீதமே போட்டார். அதே பருவத்தில் ப்ரீ த்ரோவில் நான்குக்கு மூன்று போட்டார். யாரும் மறிக்காத நிலையில் கை எவ்வளவு நேராகப் போகிறது என்பதை ப்ரீ த்ரோ காட்டிவிடும். 2011இல் 15ஆம் இடத்தில் தேர்வான அவரை, தன் வீரர் ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து வாங்கிய சான் அன்டோனியோவில், சிப் எங்கெலண்ட் என்ற எறிதல் பயிற்சியாளர் இருந்தார். முதல் பருவத்திலேயே அந்த 29 சதவீதம் உயர்ந்து 37ஐத் தாண்டியது. 2014 இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருதும் லெனர்டுக்கே கிடைத்தது. (இந்த அளவுகோலுக்கும் விதிவிலக்கு உண்டு. எந்த அணியும் டிராப்டில் எடுக்காத புரூஸ் போவன், 2002-03 பருவத்தில் மூன்று புள்ளிச் சதவீதத்தில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்; அதே பருவத்தில் அவருடைய ப்ரீ த்ரோ 40 சதவீதத்தை ஒட்டியே இருந்தது! மூன்று புள்ளிக் கோடு மற்ற இடங்களைவிட நெருங்கி, 22 அடியிலேயே இருக்கும் களத்தின் மூலையைத் தம் இடமாக்கிக்கொண்டவர் அவர்.)

ஆகவே, முதல் ஐந்து இடங்களில் தேர்வுசெய்யும் அணி இத்தகைய வீரரைத் தவிர்க்கட்டும். பதினைந்துக்குப் பிறகு வரும் அணி, ப்ரீ த்ரோ 70 சதவீதத்துக்கு மேல் இருந்து, தன் சென்டரும் வெளியே நின்று எறியக்கூடியவர் என்றால், தயங்காமல் எடுக்கலாம். 2021இல் 35ஆம் இடம் வரை நியூ ஆர்லியன்ஸுக்காக மீந்திருந்த ஹெர்ப் ஜோன்ஸ், 2024இல் சிறந்த தடுப்பாட்ட அணியில் இடம்பெற்றார்; அந்தப் பருவத்தில் மூன்று புள்ளி முயற்சிகளில் 40 சதவீதத்துக்கு மேல் போட்டார். அவரைத் தாண்டிப்போன அணிகள் பல.

அடுத்த டிராப்டுக்கு வீரர்களின் அட்டவணையை வெளியிடும்போது, மூன்று புள்ளிச் சதவீதத்தோடு ப்ரீ த்ரோ சதவீதத்தையும், ஒவ்வொன்றிலும் எத்தனை முயற்சிகள் என்பதையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கூடைப்பந்து ரசிகர் ஒருவர்,
சேலம்.