செயலாளரின் ஆண்டறிக்கை (2024 அக்டோபர் – 2025 செப்டம்பர்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மகாசபைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மேலூர் வட்டார விவசாயிகளாகிய நமக்கு இந்த ஆண்டின் பெரும்பகுதி டங்ஸ்டன் விவகாரத்திலேயே கழிந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் (டங்ஸ்டன் என்ற உலோகக் கனிமத்தைத் தோண்டியெடுக்க வரையறுத்த நிலப்பரப்பு) 2,015.51 ஹெக்டேருக்கு ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பர் 7 அன்று வெளிவந்தபோதுதான் நம்மில் பலருக்கு அப்படியொரு தொகுதி இருப்பதே தெரியவந்தது. உறுப்பினர் ஒருவர் மகள் திருமணத்துக்காக நிலம் விற்க முன்பணம் வாங்கியிருந்தார். செய்தி பரவிய அதே வாரத்தில் வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.

குழப்பத்தின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்படி டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே உரியது. ஆனால் உரிமம் வழங்குவதும் உரிமைத்தொகை பெறுவதும் மாநில அரசு. அரிட்டாபட்டியில் 193 ஹெக்டேர் 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது பல்வகை உயிரினங்களுக்காகக் காக்க வேண்டிய இடமாக, அறிவிக்கப்பட்டது. அப்படி அறிவிக்க வழிசெய்யும் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, அங்கே சுரங்கம் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்தத் தலமும் ஏலத் தொகுதிக்குள்ளேயே இருந்ததால், எல்லையை மறு ஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் மத்திய அரசு டிசம்பரில்தான், அதாவது ஏலம் முடிந்த பிறகுதான், கேட்டது. இது ஏலம் எடுத்த நிறுவனத்துக்கும் நேர்ந்த அநீதி என்றே கருதுகிறேன். எந்த நிலம் கிடைக்கும், எது கழியும் என்று தெரியாமல் விலை கேட்பதை வியாபாரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிராம சபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம், ஜனவரி 7 அன்று மதுரை நோக்கிய பேரணி ஆகியவற்றுக்குப் பின் 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. பேரணிக்கு வண்டியும் சாப்பாடும் தந்த உறுப்பினர்களுக்கு நன்றி. செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

ரத்தானது இந்த ஒரு ஏலம் மட்டுமே. ஏல அதிகாரத்தை மத்திய அரசுக்கு மட்டும் தரும் சட்டப்பிரிவு அப்படியேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, முக்கியக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் குறிப்பாணை வெளியிட்டுள்ளது. எனவே, எந்தத் தொகுதியையும் ஏலத்துக்கு அறிவிக்கும் முன்பே அதன் எல்லையைச் சர்வே எண்களுடன் உரிய கிராம சபைகளில் வைக்க வேண்டும் எனக் கோரும் மனுவுக்கு மகாசபையின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்