செயலாளர் ஆண்டறிக்கை: டியூனரா, பிரீசெலக்டரா?

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வானொலியில் கூடிப் பேசும் காலை நெட் மட்டும் ஐப்பசி இடி மின்னலில் சில நாள் நின்றது. ஹாம் உரிமத்தின் ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு தேர்வுக்கு வகுப்பு எடுத்தோம். மோர்ஸ் கிடையாது என்ற தைரியத்தில் வந்தவர்களில் இரண்டு பேர், இப்போது மோர்ஸ் கீயை விட்டு எழுந்திருப்பதில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் தின்றது, போன பொதுக்குழுவில் கிளம்பிய சண்டைதான். ஆண்டெனாவைச் செட்டோடு பொருத்திவிடும் ஆண்டெனா டியூனர் போட்டால் ரிசீவிங் கூடுமா? “சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறோமே” என்றது ஒரு கட்சி. “இரைச்சலும் சேர்ந்துதானே ஏறுகிறது” என்றது இன்னொரு கட்சி. பேசித் தீராது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நீளக் கம்பி ஒன்றைக் கட்டி, 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் பார்த்தோம். டியூனரைத் திருப்ப, பேசிக்கொண்டிருந்த நிலையம் இரண்டு எஸ் புள்ளி ஏறியது. முதல் கட்சிக்கு ஒரே கைதட்டல். ரிசீவரை யாரும் பேசாத அலைவரிசைக்கு நகர்த்தினோம். அங்கே இரைச்சலும் அதே இரண்டு புள்ளி ஏறியிருந்தது. 7 மெகாஹெர்ட்ஸில் ஆண்டெனா கொண்டுவரும் இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மிக அதிகம். அதனால் மேட்ச் (ஆண்டெனா-ரிசீவர் பொருத்தம்) சரியானால் இரண்டும் சேர்ந்துதான் ஏறும். நடுவிலுள்ள இடைவெளி அப்படியே இருக்கும். நடுவில் கரண்ட் போனது. தெருவின் எல்இடி விளக்கும் சார்ஜரும் அடங்க, இரைச்சல் மட்டும் இறங்கியது: டியூனரால் ஆகாததை மின்வெட்டு செய்துகாட்டியது. 28 மெகாஹெர்ட்ஸில் வெளி இரைச்சல் குறைவு. அங்கே மட்டும் டியூனர் கட்சிக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு.

சண்டை அத்தோடு முடியவில்லை. எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரிசீவர்) வைத்திருக்கும் நண்பர் ஒருவர், டியூனர் போட்டதும் தன்னிடம் நிலையங்கள் நிஜமாகவே தெளிந்தன என்று நிரூபித்தார். காரணம் மேட்ச் அல்ல. அவருடையது டி வகை டியூனர்: வரிசையில் இரண்டு கண்டன்சர், நடுவிலிருந்து எர்த்துக்கு ஒரு காயில். இது மேல் அலைவரிசையை விட்டுக் கீழுள்ளதை ஓரளவு மட்டுப்படுத்தும். 8 பிட் டாங்கிளை மூச்சுத் திணறவைத்த உள்ளூர் மத்திய அலை ஒலிபரப்பு அதில் அடங்கிவிட்டது. அதாவது, டியூனர் அரைகுறையாகப் பிரீசெலக்டர் (வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) வேலை பார்த்திருக்கிறது.

அப்படியானால் முழு பிரீசெலக்டரையே செய்து பார்ப்போம் என்று தொடங்கியதுதான் ஆடி மாதப் பட்டறை. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் கேங் கண்டன்சர், ரிச்சி தெருவில் வாங்கிய சிவப்பு டோராய்டு, ஒரு தகரப்பெட்டி. பலன் நன்றாகத் தெரிந்தது நம் சங்கத்தின் பழைய 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் (ரிசீவருக்குள் உள்ள இடைநிலை அதிர்வெண்) ரிசீவரில். 14.200-ல் கேட்கும்போது 15.110-ல் உள்ள ஒலிபரப்பு இமேஜாக (போலி சிக்னலாக) உள்ளே வந்து பாடும். இரண்டுக்கும் இடைவெளி 910 கிலோஹெர்ட்ஸ், ஐஎஃப்பின் இரு மடங்கு. பிரீசெலக்டரை 14-க்கு நிறுத்தியதும் பாட்டு நின்றது. எஸ் மீட்டர் சற்று இறங்கியதைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தார். காதைக் கேளுங்கள் ஐயா, முள்ளை அல்ல என்றோம்.

இதற்கும் எல்லை உண்டு. 7.200-க்கு மேலே வரிசையாக நிற்கும் ஒலிபரப்புகள் மிக அருகில் இருப்பதால் நம் ஒற்றைக் காயில் பெட்டி அவற்றை முழுதாகப் பிரிக்காது. அங்கே செட்டிலேயே உள்ள, சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரை அழுத்துங்கள். 10 டெசிபல் குறைத்தால், ரிசீவருக்குள் கலந்து பிறக்கும் மூன்றாம் படிப் போலி சிக்னல்கள் 30 டெசிபல் விழும். காசில்லாத வைத்தியம், யாரும் செய்வதில்லை என்பது என் வருத்தம்.

ஒரு நஷ்டக் கணக்கும் உண்டு. பிரீசெலக்டர் லைனில் இருப்பதை மறந்து பிடிடியை (அனுப்பும் பொத்தானை) அழுத்தியது நான்தான். பொசுங்கிய வாடை வந்த பிறகே கை எடுத்தேன். கண்டன்சர் தகடு உருகிவிட்டது. ஆகவே வரும் ஆண்டில் எல்லாப் பெட்டிக்கும், அனுப்பும்போது தானாக விலக்கிவிடும் ரிலே வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. முதல் ரிலேயின் செலவு என்னுடையது.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். 73 (ஹாம் மொழியில் நல்வாழ்த்துகள்).

செயலாளர்