ஜப்பான்காரங்க காணாமப்போன யூத குலமா? வருஷத்தைப் பாத்துட்டு எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஜப்பானையும் யூதர்களையும் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. கி.மு. 722ல அசீரியாக்காரங்க வட இஸ்ரேலை அழிச்சப்போ காணாமப்போன பத்து குலத்துல ஒண்ணு பட்டுப்பாதை வழியா சீனா, கொரியா எல்லாம் தாண்டி ஜப்பானுக்குப் போய் சேந்துச்சு, ஜப்பானோட பழைய மதமான ஷிண்டோவோட கோயில் எல்லாம் பழைய யூத ஆலயத்தோட காப்பி, ஜப்பான் ராஜ குடும்பமே யூத வம்சம்னு அதுல இருந்துச்சு. சிலர் இப்படி சொல்றாங்கன்னு கூட போடல, நடந்து முடிஞ்ச வரலாறு மாதிரியே போட்டிருந்தீங்க. உங்க பேப்பர்ல வந்ததை வெட்டி ஸ்கூல் நோட்டுல ஒட்டுற பிள்ளைங்க இன்னும் இருக்காங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல இந்தக் கதை எங்க பொறந்துச்சுன்னு பாக்கணும். ஜப்பானோட பழைய நூல்கள் கோஜிகி 712ல எழுதினது, நிஹோன் ஷோகி 720ல எழுதினது. ரெண்டுலயும் இஸ்ரேல்ல இருந்து வந்தோம்னு ஒரு வரி கிடையாது. கதை ஆரம்பிச்சது 1870கள்ல, நாகசாகியில, நிக்கோலஸ் மெக்லியோட்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட இங்கிலீஷ் புத்தகத்துலதான். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல காணாமப்போன பத்து குலத்தைத் தேடுறது பெரிய ஆர்வமா இருந்துச்சு, அமெரிக்க செவ்விந்தியர்தான் அவங்கன்னு சிலர், ஆப்கானிஸ்தான் பட்டாணியர்தான்னு சிலர், இல்ல பிரிட்டிஷ்காரங்க நாமதான்னே சிலர் சொன்னாங்க. ஜப்பான் அப்பதான் கதவைத் திறந்திருந்த நேரம், பைபிளை மனப்பாடமா வச்சிருந்த ஒரு ஆள் அங்க போய் ஷிண்டோ கோயிலைப் பாத்தா அவர் கண்ணுக்கு என்ன தெரியும்னு நாமளே யோசிக்கலாம்.

அப்புறம் இதை கையில எடுத்தவங்கள்ல நிறைய பேர் ஜப்பானியக் கிறிஸ்தவங்க. சீனாவுல இருந்த பழைய கிறிஸ்தவத்தை ஆராய்ச்சி பண்ண சயேகி யோஷிரோ 1908ல ஒரு கட்டுரை எழுதினார், கியோட்டோவுல உசுமாசாங்கிற இடத்துல குடியேறின ஹதா குலத்துக்காரங்க யூத வழி வந்தவங்கன்னு. அமெரிக்காவுல யேல் வரைக்கும் போய் படிச்ச ஒயாபே ஜென்இச்சிரோ 1929ல ஜப்பானியர் அந்தப் பத்து குலத்துல காத், மனாசேங்கிற ரெண்டோட வாரிசுன்னு புத்தகமே போட்டார், அதே ஆள்தான் அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி செங்கிஸ்கான் உண்மையில யோஷிட்சுனேங்கிற ஜப்பானிய வீரர்னு எழுதினவர். நகாதா ஜூஜின்னு ஒரு பிஷப், அவர் இஸ்ரேலைப் பத்தி இந்த மாதிரி போதிக்க ஆரம்பிச்சதுல 1933ல அவரோட ஹோலினெஸ் சபையே ரெண்டா உடைஞ்சுச்சு.

இவங்க மேல எனக்கு கோபம் இல்ல. வெள்ளைக்காரங்க ஜப்பானை கீழான நாடுன்னு நடத்தி, சமமில்லாத ஒப்பந்தங்களைத் திணிச்ச காலத்துல வளந்தவங்க, அவங்களோட மதத்தையும் ஏத்துக்கிட்டு அந்த வேதத்துல நம்ம ஜனத்துக்கு ஒரு இடம் இருக்காதான்னு தேடியிருக்காங்க. அந்த ஏக்கம் புரியுது. ஆனா ஏக்கத்தை ஆதாரம்னு எடுத்துக்க முடியாது.

இப்ப கட்டுரையில போட்ட ஆதாரத்துக்கு வரேன். எதை எடுத்தாலும் அது எந்த வருஷம்னு ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

இசே கோயிலுக்குப் போற வழியில கல்விளக்குல ஆறுமுனை நட்சத்திரம் இருக்காம், அது தாவீதோட நட்சத்திரமாம். அந்தக் கல்விளக்கெல்லாம் ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வச்சது. நட்சத்திரமே யூதர்களுக்கு ஆதி காலத்து அடையாளம் கிடையாது, 14ஆம் நூற்றாண்டுல ப்ராக் நகரத்து யூதர்கள் கொடியில வந்து, யூதர்களுக்குத் தனி தாயகம் கேட்ட 1897 சியோனிஸ்ட் மாநாட்டுக்கு அப்புறம்தான் உலகம் முழுக்க யூத அடையாளமா நின்னுச்சு. கி.மு. 722ல கிளம்பின ஆளு அதைக் கையில எடுத்துட்டுப் போயிருக்கவே முடியாது. ஜப்பான்ல அந்த வடிவத்துக்குப் பேரு ககோமே, மூங்கில் கூடை முடையும்போது விழுற கண்ணு, கூடை முடையுற எந்த ஊர்லயும் அது விழும். அதே மாதிரி ஜெருசலேம்ல ஏரோது வாசல்ல ஜப்பான் ராஜாவோட செவ்வந்திப்பூ சின்னம் இருக்குங்கிறாங்க. ஏரோதுங்கிற பேரைக் கேட்டு ஏமாறக்கூடாது, அந்த மதில் துருக்கி சுல்தான் சுலைமான் 1530கள்லயும் 40கள்லயும் கட்டினது, 16 இதழ் செவ்வந்தி ஜப்பான்ல அதிகாரபூர்வமா ராஜ சின்னம் ஆனது 1869ல.

கியோட்டோவுல நடக்குற கியோன் திருவிழாவைப் பத்தி எழுதினதுதான் எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா அதுல உண்மையான கதை நம்ம பக்கத்துல இருந்தே போகுது. கியோன்னா சீயோன், ஊர்வலம் ஜூலை 17, நோவாவோட பேழை மலை மேல தங்கினதும் ஏழாம் மாசம் 17ஆம் தேதி, பாருங்க பொருத்தம்னு போட்டிருந்தீங்க. ஜப்பான் 1873லதான் ஐரோப்பியக் காலண்டருக்கு மாறுச்சு. அதுக்கு முன்னாடி நூத்துக்கணக்கான வருஷமா இந்தத் திருவிழா நடந்தது சந்திர மாசக் கணக்குல ஆறாம் மாசம் 7லயும் 14லயும். கியோன்ங்கிறது புத்தர் தங்கியிருந்த சிராவஸ்தி ஜேதவனத் தோப்புக்கு சீன எழுத்து வழியா வந்த பேரு, 869ல கொள்ளைநோய் பரவினப்போ சாந்தி பண்ண ஆரம்பிச்ச விழா அது. ஊர்வலத்துல வர்ற ஒரு தேர்ல பைபிள் காட்சி இருக்குங்கிறது மட்டும் நிஜம், ரெபேக்காள் கிணத்தடியில தண்ணி குடுக்குற காட்சி. ஆனா அது பெல்ஜியத்துல நெய்த திரைச்சீலை, வியாபாரத்துல வந்து சேந்தது, கியோட்டோ வணிகருங்க அழகா இருக்குன்னு வாங்கி தேர்ல மாட்டினது. எனக்கு இந்த உண்மைதான் அந்தக் கற்பனையை விட பெருசா தெரியுது, இந்தியாவோட ஒரு தோப்பு பேரும் ஐரோப்பியத் துணியும் சீன எழுத்தும் ஒரே தேர்ல போகுதுன்னா வேற என்ன வேணும்?

ஹதா குலம் சமாச்சாரமும் இப்படித்தான். அவங்க கொரிய தீபகற்பத்துல இருந்து வந்த குடி, பட்டு நெசவுல கெட்டிக்காரங்க, கோர்யூஜி கோயிலும் ஃபுஷிமி இனாரி கோயிலும் அவங்க ஏற்படுத்தினது. சயேகி அவங்களை சீனாவுல இருந்த நெஸ்டோரியன் கிறிஸ்தவங்களோட முடிச்சுப் போட்டார். நெஸ்டோரியன் பாதிரியார் சீனத் தலைநகருக்கு வந்ததே 635ல, கோர்யூஜியோட கதை 603ல ஆரம்பிக்குது. அதுவும் போக, கிறிஸ்தவங்களைக் காட்டி யூதர்னு எப்படி சொல்றது, அதுவே எனக்குப் புரியல.

மிகோஷின்னு சாமியை தோள்ல தூக்கிட்டுப் போறது பைபிள்ல யூதர்கள் உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கின மாதிரியேதான் இருக்குன்னு ஒரு படமும் போட்டிருந்தீங்க. நம்ம ஊர்ல உற்சவரை அப்படித்தானே தண்டு போட்டு தோள்ல தூக்குறோம், அப்ப நாமளும் அந்தப் பத்து குலமா?

நாகானோவுல சுவா கோயில் சடங்குதான் கேக்கும்போது கொஞ்சம் யோசிக்க வைக்கும், அதை நான் ஒத்துக்குறேன். மோரியான்னு ஒரு மலை, ஏப்ரல்ல ஓந்தோசைன்னு ஒரு சடங்கு, ஒரு பையனை கம்பத்துல கட்டி பூசாரி கத்தி எடுக்க இன்னொருத்தர் வந்து தடுத்து பையனை விட்டுடுவாங்களாம், அப்படியே பைபிள்ல மோரியா மலையில ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலி குடுக்கப் போய் தடுக்கப்பட்ட கதைன்னு சொல்றாங்க. ஆனா அந்தச் சடங்குல மொத்தமா என்ன படைச்சாங்கன்னு பாக்கணும். 1784ல சுகாயே மசுமிங்கிற பயணி நேர்ல பாத்து எழுதி படமும் வரைஞ்சு வச்சிருக்கார், அதை வச்சு அங்க உள்ள மோரியா குடும்பத்து அருங்காட்சியகத்துல அப்படியே அமைச்சிருக்காங்க. 75 மான் தலை, கூடவே காட்டுப்பன்னி தலை, குச்சியில குத்தி நிறுத்தின முயல். புத்தாண்டு அன்னைக்கு அதே சுவாவுல தவளையைப் பிடிச்சு அம்பால குத்தி சாமிக்குப் படைக்கிறாங்க. பன்னியும் முயலும் யூதர்களுக்கு விலக்கப்பட்டதுன்னு லேவியராகமத்துல பேர் சொல்லியே எழுதியிருக்கு. இஸ்ரேல்ல இருந்து வேதத்தைச் சுமந்துட்டு வந்த ஜனம், ஒரு கதையை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு அதுல எது தீட்டோ அதையே படையலா வைக்குமா? சுவாவோடது மலைக்காட்டுல வேட்டையாடி வாழ்ந்தவங்களோட வழிபாடு, அதுக்குன்னு ஒரு பழமையும் கம்பீரமும் இருக்கு, அதை பைபிளோட நிழல்னு சொல்றது அந்த மக்களுக்குப் பண்ற அவமரியாதை.

டிஎன்ஏவும் நிரூபிச்சிடுச்சுன்னு ஒரு வரி. ஜப்பானிய ஆண்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல ஒய் குரோமோசோம்ல டி வகை இருக்குங்கிறது சரி, யூதர்கள்ல நிறைய பேருக்கு ஈ வகை இருக்குங்கிறதும் சரி, ரெண்டும் ஒரே கிளையில இருந்து பிரிஞ்சதுங்கிறதும் சரி. எப்ப பிரிஞ்சதுன்னு மட்டும் விட்டுட்டாங்க, 60,000 வருஷத்துக்கும் மேல. யூதர்னு ஒரு இனமே அப்ப இல்ல. அந்த டி வகையில ஜப்பானியருக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் நம்ம அந்தமான்ல இருக்குற ஓங்கே, ஜாரவா மக்கள்தான், இன்னொரு கிளை திபெத்துல. இதை எழுதியிருந்தா நம்ம வாசகர்களுக்கு எவ்வளவு உபயோகமா இருந்திருக்கும்.

சொல் ஒத்துமையை வச்சு பேசுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இது நமக்கும் சேத்துதான். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுன்னு பேராசிரியர் ஓனோ சுசுமு பல வருஷம் உழைச்சார், பொற்கோ ஐயாவும் யாழ்ப்பாணத்து சண்முகதாஸ் மனோன்மணி தம்பதியும் கூட இருந்து ஆராய்ச்சி பண்ணாங்க, நம்ம பொங்கலையும் அவங்க சிறு புத்தாண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. கேக்க நமக்கு எவ்வளவு பெருமையா இருக்கும். ஆனா பெரும்பாலான மொழியியல் அறிஞருங்க ஒலி மாற்ற விதி சரியா நிக்கலன்னு அதை ஏத்துக்கல. நமக்குப் பிடிச்ச கொள்கைக்கே அந்த சோதனை உண்டுன்னா, எபிரேயத்துல நாலு சொல்லு ஜப்பானிய மொழி மாதிரி கேக்குதுன்னு சொல்றதுக்கு மட்டும் சோதனை வேண்டாமா? ஓனோவாவது தமிழை உக்காந்து படிச்சு, விதி இதுன்னு எழுதி, எதிர்க்கிறவங்களுக்கு பதில் சொன்னார்.

இது யாருக்கும் கெடுதல் இல்லாத கதைதானே, விட்டுடலாமேன்னு நீங்க நினைக்கலாம். அப்படி இல்லங்க ஐயா. ஜப்பான்ல இந்தக் கதையைப் பரப்பினவங்கள்ல முக்கியமானவர் சகாய் கட்சுதோக்கி. யூதர்கள் உலகத்தை ரகசியமா ஆட்டி வைக்கிறாங்கன்னு 1924ல வரிசையா புத்தகம் போட்டவரும் அதே சகாய்தான். 1918ல ஜப்பான் படை சைபீரியாவுக்குப் போனப்போ கம்யூனிஸ்ட் புரட்சியை எதிர்த்த ரஷ்ய வெள்ளைப்படைக்காரங்க கிட்ட இருந்து ஒரு போலி ஆவணம் அவங்க கைக்கு வந்துச்சு, யூதப் பெரியவங்க கூடி உலகத்தைப் பிடிக்க போட்ட திட்டம்னு ரஷ்யாவுல ஜோடிச்சது, 1921லயே லண்டன் டைம்ஸ் பத்திரிகை அது திருட்டு எழுத்துன்னு அம்பலப்படுத்திடுச்சு. ஆனாலும் யசுயே நோரிஹிரோங்கிற ராணுவ அதிகாரி 1924ல அதை ஜப்பானிய மொழியில கொண்டு வந்தார். யூதன் நம்ம ரத்தம்னு சொல்றதும் யூதன் உலகத்தையே ஆளுறான்னு சொல்றதும் ஒரே இடத்துல, சில சமயம் ஒரே ஆள் பேனாவுல இருந்தே வந்திருக்கு. ரெண்டுலயும் நிஜமான யூத மனுஷன் கிடையாது, மாய சக்தி உள்ள ஒரு பொம்மைதான் இருக்கு. 1995 ஜனவரியில ஓம் ஷின்ரிக்யோங்கிற மதக் கூட்டம் தன் பத்திரிகையில யூதர்களுக்கு எதிரா போர்னு எழுதுச்சு, மார்ச்ல டோக்கியோ சுரங்க ரயில்ல விஷவாயு விட்டுச்சு.

யூதர்களுக்கும் ஜப்பானுக்கும் உண்மையான உறவு இல்லையான்னா இருக்கு, ரொம்ப மனசை உருக்குற உறவு. லித்துவேனியாவுல கௌனாஸ் ஊர்ல 1940ல துணைத் தூதரா இருந்த சுகிஹாரா சியுனே, டோக்கியோ வேண்டாம்னு சொல்லியும் அகதிகளுக்கு விசா எழுதிக் கொடுத்தார், அவர் பட்டியல்லயே 2,139 பேர் இருக்கு. அவரைப் பத்தி உலகத்துக்குத் தெரியும். அந்த அகதிகள் சுருகா துறைமுகத்துல இறங்கி கோபே நகரத்துக்கு வந்து சேந்தப்போ விசா சில நாளுக்குத்தான், போறதுக்கு நாடு கிடையாது. அப்ப அவங்களுக்காக ஓடினவர் கொட்சுஜி செட்சுசோ. ஷிண்டோ பூசாரி குடும்பத்துல பொறந்து, எபிரேயம் படிச்ச அறிஞர். வெளியுறவு அமைச்சர் மட்சுவோக்காவை முன்னாடியே தெரியும்ங்கிறதை வச்சு, உள்ளூர் போலீஸ் வழியா விசாவை நீட்டிக்க வழி பண்ணினார். அதுக்காக பின்னாடி விசாரணைன்னு இழுத்துட்டுப் போய் கொடுமைப்பட்டார். 1959ல ஜெருசலேம்ல யூத மதத்துல சேந்தார், 1973ல இறந்தப்போ அங்கயே அடக்கம் பண்ணாங்க. அவர் இவங்களுக்கு உதவினது 2,600 வருஷத்து ரத்த உறவுக்காக இல்ல, கரையில நின்னவங்க மனுஷங்கங்கிறதுக்காக.

அதனால என் வேண்டுகோள் ரெண்டுதான். அந்தக் கட்டுரையில வந்த வருஷப் பிழைகளை, குறிப்பா கியோன் விழா, இசே கல்விளக்கு, ஏரோது வாசல், டிஎன்ஏ இந்த நாலையும் திருத்தி அதே ஞாயிறு இணைப்புல, அதே அளவு இடத்துல போடுங்க, உள்பக்கத்துல பொடி எழுத்துல வேண்டாம். அடுத்து கொட்சுஜியைப் பத்தி தெரிஞ்சவங்க யாரையாவது வச்சு ஒரு முழுப்பக்கம் எழுத வைங்க. தமிழ்ல அவரைப் பத்தி படிக்க எனக்கு ரொம்ப ஆசை.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
திருச்சி