போர்க்காலத்தில் மாறிய கொள்கையை வாசகருக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக பத்திரிகைச் சுதந்திர தினத்தையொட்டித் தாங்கள் எழுதிய தலையங்கம், பத்திரிகைகள் மீது ஏவப்பட்ட வன்முறையை விரிவாகப் பேசியது. 1981 ஜூனில் யாழ்ப்பாணத்தில் ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிக்கப்பட்டதையும், 1987 ஒக்டோபரில் முரசொலி, ஈழமுரசு அச்சகங்களை இந்தியப் படையினர் தகர்த்ததையும் இளையவர்கள் அறிந்திருக்கத்தான் வேண்டும். ஆயினும் அச்சகத்துக்கு எந்தச் சேதமும் இல்லாமலே கொள்கை மாறிப்போன ஏடுகளும் உண்டு. அவற்றைப் பற்றித் தாங்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

போரும் புரட்சியும் வந்தால் ஆசிரியபீடத்தின் கொள்கை மாறுவது புதுமையன்று. 1917 மார்ச்சில் ரஷ்யாவின் இடைக்கால அரசுக்கு நிபந்தனையுடன் ஆதரவளித்த போல்ஷெவிக் கட்சி ஏடான 'பிராவ்தா', அக்கட்சியின் தலைவர் லெனின் நாடு திரும்பிய பின்னர் அதே அரசை எதிர்க்கத் தொடங்கியது. அந்த எதிர்ப்பை முன்வைத்த அவருடைய 'ஏப்ரல் ஆய்வுரைகள்' வெளியான மறுநாளே, அவற்றுடன் உடன்படாத சக கட்சித் தலைவர் காமனேவின் கட்டுரையும் அதே ஏட்டில் வந்தது. பின்னாளில் அந்த ஏடு என்னவாயிற்று என்பது வேறு கதை. அன்று மாற்றம் வாசகர் கண்முன்னே நடந்தது.

வன்னியில் எமக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. இங்கு வெளிவந்த ஈழநாதம் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் ஏடு என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பிள்ளைகளை ஒளித்துவைத்த பெற்றோர் தம் துயரத்தை அதில் தேடவும் இல்லை. தம்மைச் சுயாதீனமானவை என்று அழைத்துக்கொண்ட தென்பகுதி ஏடுகள் சிலவற்றின் போக்குத்தான் எம்மை வருத்தியது. 2009 இன் தொடக்கத்தில் வன்னியில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசு கூறியபோது, அது ஒரு தரப்பின் கூற்று என்ற குறிப்பும் இல்லாமல் அவை அச்சிட்டன. போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக்பாமிலும் பிற முகாம்களிலும் இருந்தவர்கள் 280,000 இற்கும் அதிகம். இவ்விரு எண்களுக்கும் இடையில் கணக்கில் வராமல் நின்றவர்களுக்கு உரிய அரிசியும் மருந்தும் வரவேயில்லை.

உயிருக்கு அஞ்சி மௌனமாக இருந்த ஆசிரியரைக் குறைகூற எனக்கு மனமில்லை. 2006 மே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள்ளேயே இருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 2009 ஜனவரியில் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். ஆனால் மௌனம் வேறு, சரிபாராத எண்ணைத் தன் சொந்தச் செய்தியாக அச்சிடுவது வேறு. 1975 இல் இந்திய நெருக்கடிநிலையின்போது தலையங்க இடத்தை வெறுமையாக விட்ட இந்தியன் எக்ஸ்பிரஸ், ஒரு சொல்லும் எழுதாமலே தன் நிலையை வாசகருக்கு உணர்த்தியது.

ஆதலால் தங்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். 2006 முதல் 2009 வரை தங்கள் ஆசிரியபீடம் எந்தெந்தச் செய்திகளை நிறுத்திவைத்தது, அவற்றுள் தணிக்கையால் நின்றவை எவை, தாமாகவே தவிர்த்தவை எவை என்பதை, அக்காலத்தில் பணியாற்றியவர்கள் உயிருடன் இருக்கும்போதே எழுதி வெளியிடுங்கள். அந்த ஆண்டுகளின் இதழ்த் தொகுப்பொன்றைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள பொது நூலகமொன்றுக்கு வழங்கினால் பேருதவியாக இருக்கும்; எம் வீடுகளில் இருந்த பழைய பத்திரிகைகள் எல்லாம் இடப்பெயர்வுகளில் அழிந்துவிட்டன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.