களப்பணி ஏட்டில் இடம் போதாத நன்றி

அன்புள்ள அம்மாமார்களே, அக்காமார்களே, அண்ணன்மார்களே, ஐயாமார்களே,

என் இறையியல் படிப்பின் களப்பணி முடிந்துவிட்டது. ஏட்டில் கடைசிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அந்த ஏட்டின் முடிவில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. நெறியாளர், சேகரகுரு (பல ஊர்ச் சபைகளுக்குப் பொறுப்பான போதகர்), துறைத் தலைவர் என்று நாலைந்து பேரை எழுதியதும் பக்கம் நிரம்பிவிடும். அவர்களுக்கு என் நன்றி எப்போதும் உண்டு. ஆனால் என்னைத் தேற்றி அனுப்பியவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. உங்களில் பலருக்கு நான் ஒரு படிப்பின் பகுதியாகத்தான் உங்களிடம் வந்தேன் என்பதே சரியாகத் தெரியாது. அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி இதை எழுதுகிறேன். படிக்க முடியாதவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி, ஊர்ச் சபையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரான உபதேசியார் ஐயாவிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன்.

இந்தப் படிப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பி.டி. படிக்கிறேன். போதகர் ஆவதற்கான இறையியல் பட்டப்படிப்பு இது. பட்டம், இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட் கொடுப்பது. வேதாகம மொழி, திருச்சபை வரலாறு, கோட்பாட்டியல் என்று தேர்வு எழுதித் தேறினால் மட்டும் போதாது. சபைகளுக்குப் போக வேண்டும், மருத்துவமனையிலோ கிராமத்திலோ தங்கிப் பணி செய்ய வேண்டும், பார்த்ததையும் கேட்டதையும் எழுதி, குழுவில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வெளிநாடுகளிலும் இப்படித்தான். அமெரிக்காவில் மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு யூனிட் முடிக்கவே 400 மணி நேரம் வேண்டும்.

எங்கள் கல்லூரிக்கு இதில் பழைய பழக்கம் உண்டு. 1969-இல் தொடங்கிய கல்லூரி இது. சாமுவேல் அமிர்தம் ஐயா முதல்வராக இருந்த காலத்திலேயே மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, ஏழை மக்கள் வாழும் தெருக்களில் குடியிருந்து படிக்கச் சொன்னார்கள். பரட்டை என்று எல்லோரும் அன்போடு அழைத்த தியோபிலஸ் அப்பாவு ஐயா, ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதில்தான் நற்செய்தி இருக்கிறது என்று கற்பித்தது இங்கேதான். அவர் காலத்தில் படிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனாலும் அந்த உலைச் சோறு எனக்குக் கிடைத்தது. உங்கள் வீடுகளில் கிடைத்தது.

மாணவர்கள் நாங்கள் களப்பணியை மணிக்கணக்கில்தான் பேசுவோம். இத்தனை மணி முடிந்தது, இத்தனை பாக்கி என்று. ஏட்டில் அது என்னுடைய மணி என்றுதான் பதிவாகிறது. ஆனால் ஒவ்வொரு மணியிலும் எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய நேரமும் அதில் போயிருக்கிறது. அவருக்கு மதிப்பெண் இல்லை, பட்டம் இல்லை. நோய்ப் படுக்கையில் இருந்துகொண்டும், சிறை வாசலில் நின்றுகொண்டும், கரிமூட்டத்துப் புகையிலிருந்து வந்த களைப்போடும் அந்த நேரத்தை எனக்குக் கொடுத்தார்கள். இந்தக் கடிதம் அந்தக் கணக்குக்காக.

முதலில் வேலூர்.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிற நோயாளிகள் ஏராளம். காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜ் பலகைகளிலும் கடைப் பலகைகளிலும் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். மாதக்கணக்கில் அங்கே அறை எடுத்துத் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு வைத்தியம் பார்க்கிற குடும்பங்கள் அவர்கள். எனக்கு வங்காளம் ஒரு சொல்லும் தெரியாது. நோயாளியைச் சந்திப்பதுதான் பயிற்சி. பேச மொழி இல்லாமல் எப்படிச் சந்திப்பது என்று திகைத்து நின்றேன். அப்போது வார்டு அட்டெண்டர் அக்கா ஒருவர் வந்து, “கேமோன் ஆச்சேன்னு கேளும்மா. எப்படி இருக்கீங்கன்னு அர்த்தம். பதில் புரியலைன்னா நான் இருக்கேன்” என்றார்.

அக்கா, நீங்கள் வங்காளத்தை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. தள்ளுவண்டி தள்ளிக்கொண்டே, படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே, நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டீர்கள். உங்கள் வேலை நேரம் முடிந்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்திலும் எனக்காக நின்று அவர்கள் சொன்னதைத் தமிழில் சொன்னீர்கள். சொல்லக் கூடாத இடத்தில் நிறுத்தவும் செய்தீர்கள். “இதை அவர் உன்கிட்ட சொல்லலை, தனக்குத்தானே சொல்லிக்கிறாரு, விட்டுடு” என்று ஒருநாள் சொன்னீர்களே, ஆற்றுப்படுத்தலைப் பற்றி நான் வாசித்த எந்தப் பக்கமும் எனக்கு அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

வங்காளத்திலிருந்து மகளை அழைத்துவந்திருந்த அந்த அப்பாவுக்கு இது போய்ச் சேராது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்குத் தலசீமியா. மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய நோய். என் கழுத்தில் சிலுவை இருந்தது. அவர் ஐந்து வேளை தொழுகிறவர். முதல் சந்திப்பில் தலையை மட்டும் அசைத்தார். பிறகு ஒரு மாலை, தொழுதுவிட்டு வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுப் போனார். நான் எதுவும் செய்யவில்லை. அந்தப் பிள்ளை என் கைப்பேசியில் படம் வரைந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு தகப்பன் தன் நோயாளிக் குழந்தையை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு நான் தகுதி உள்ளவள் என்று அவர் நினைத்தார். வேறெந்தச் சான்றிதழையும்விட இது எனக்குப் பெரிது.

இரவுப் பணியில் இருந்த சிஸ்டர்களுக்கும் நன்றி. எப்போது அறைக்குள் போகலாம், எப்போது கூடாது என்று சொல்லித் தந்தவர்கள் நீங்கள். டிரெஸ்ஸிங் மாற்றும்போது போகாதே, தூங்குகிறவரை எழுப்பாதே, நிற்காதே, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார், நின்றுகொண்டே பேசினால் கிளம்பத் துடிக்கிற மாதிரி அவர்களுக்குத் தெரியும். சின்ன விஷயங்கள்தான். ஆனால் இவை தெரியாமல் எந்த ஆறுதலும் நோயாளியிடம் போய்ச் சேராது.

பயிற்சியாளர் ஐயாவிடம் வெர்பேட்டிம் எழுதிக் கொடுப்போம். நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, பெயரை மறைத்து, குழுவில் வாசிக்க வேண்டும். யார் வாசித்தாலும் ஜெபம் வருகிற இடத்தில் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இந்த இடத்தில் ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டது? அவருக்கா, உனக்கா?” அந்தக் கேள்வியோடுதான் நான் மதுரை திரும்பினேன். அதற்குப் பதில் பின்னால் வேறொருவரிடம் கிடைத்தது, அதற்கு வருகிறேன்.

இந்த மருத்துவமனைப் பயிற்சி 1925-இல் தொடங்கியது. ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்குச் சில இறையியல் மாணவர்களை அழைத்துவந்து தொடங்கினார். அவரே அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர். புத்தகத்தைப் படிக்கிற அதே கவனத்தோடு உயிருள்ள மனிதர்களைப் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் மதிக்கிற எண்ணம்தான். ஆனால் உங்களோடு இருந்தபிறகு எனக்கு ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. புத்தகம் தன்னைப் படிப்பவரைத் திரும்பப் படிப்பதில்லை. நீங்கள் என்னைப் படித்தீர்கள், எனக்கு எது தெரியாது என்று கண்டுபிடித்தீர்கள், அதைச் சொல்லியும் தந்தீர்கள்.

அடுத்து மதுரை மத்திய சிறை வாசல். எங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற இடம். உள்ளே போக அனுமதி கிடைக்க நாளாகும் என்பதால், வெளியே மனு பார்க்க, அதாவது மனுக் கொடுத்து உள்ளே இருப்பவரைச் சந்திக்க, காத்திருக்கும் குடும்பங்களோடு இருக்கச் சொன்னார் நெறியாளர். அனுமதி வந்தபிறகும் நான் வாசலிலேயே இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம், அங்கே வந்துகொண்டிருந்த ஒரு பெரியம்மா.

பெரியம்மா, தேனிப் பக்கத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி வருவீர்கள். மகனைப் பார்க்க வருடக்கணக்காக வருகிறவர். புதிதாக வருகிற பெண்ணைப் பார்த்தவுடனே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆதார் நகல் இருக்கிறதா, எந்த வரிசையில் நிற்க வேண்டும், எதை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வீர்கள். கைக்குழந்தையோடு அழுதுகொண்டே நின்ற பெண்ணிடம், “கண்ணைத் தொடச்சிட்டுப் போ தாயி. அடுத்த மனு வரைக்கும் அவனுக்கு உன் மொகந்தான் ஞாபகத்துல நிக்கும்” என்றீர்கள். குருத்துவப் பராமரிப்பு என்று, துன்பத்தில் இருப்பவர்களைப் போதகர் எப்படித் தாங்க வேண்டும் என்பதைப் பற்றி எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அதை அந்த வாசலில் நடத்திக்கொண்டிருந்தது நீங்கள். நான் பக்கத்தில் நின்று குழந்தையை வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. கைப்பேசியையும் பையையும் உள்ளே கொண்டுபோக முடியாதவர்கள் எல்லோரும் உங்களை நம்பித்தான் விட்டுப் போகிறார்கள். காசில்லாதவர்களிடம் டீக்குக் காசு கேட்டு நான் பார்த்ததில்லை.

கமுதிப் பக்கத்துக் கிராமத்து மக்களுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சீமைக்கருவேலையை வெட்டி, அடுக்கி, மண் போட்டு மூடி, நாள்கணக்கில் புகைய விட்டுக் கரி எடுக்கிற ஊர். பெண்கள் நூறு நாள் வேலை இருந்தால் அதற்கும், இல்லாவிட்டால் மூட்டத்துக்கும் மிளகாய்க் காட்டுக்கும் போவார்கள். அதனால் ஆராதனை இருட்டிய பிறகுதான். சேகரகுரு ஒருவரே பல ஊர்ச் சபைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மற்ற நாளெல்லாம் சபையைத் தாங்குவது உபதேசியார் ஐயாவும் அவருடைய டி.வி.எஸ். 50-ம்.

உபதேசியார் ஐயா, நீங்கள் எனக்குச் செய்ததில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒரு துக்க வீட்டுக்குப் போனோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவ வீட்டில் ஒப்பாரி கூடாது என்று சொல்லி உடனே பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டீர்கள். என்னையும் உட்காரச் சொன்னீர்கள். “அவங்க முடிக்கட்டும் பாப்பா. அவங்க சொல்லி முடிக்காம நாம ஆரம்பிச்சா, அது நம்ம ஜெபமாத்தான் இருக்கும்” என்றீர்கள். வேலூரில் கேட்ட கேள்விக்கு அந்தத் திண்ணையில் பதில் கிடைத்தது. ஒப்பாரி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த அம்மாவின் வாழ்க்கை முழுவதும், பிறந்த வீடு, பட்ட கடன், பெற்று இழந்த பிள்ளை எல்லாம் அந்தப் பாட்டில் வந்தது. பிறகு நீங்கள் ஜெபித்தபோது அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தீர்கள். கேட்டிருந்ததால்தான் சொல்ல முடிந்தது. அடக்க ஆராதனை நடத்துவது எப்படி என்று இனி யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்லப்போவது இதைத்தான்.

எனக்குத் தங்க இடம் கொடுத்த அப்பத்தாவுக்கு: உங்கள் வீட்டில் இருந்த ஒரே மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாசலில் படுத்துக்கொண்டீர்கள். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கு: கைப்பிடி அரிசி சேர்த்து ஆலயத்துக்குக் கொடுக்கிறவர்கள் நீங்கள். நான் கிளம்புகிற வாரம் அந்த அரிசியில் பொங்கி ஊருக்கே சோறு போட்டீர்கள். எந்தத் தெரு என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தீர்கள். அது அங்கே அவ்வளவு சுலபமான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் நெறியாளர் செய்த ஒரு காரியத்துக்காக அவருக்கு இங்கேயே நன்றி சொல்கிறேன். மதிப்பீட்டுப் படிவத்தை அவரே நிரப்பி முடிக்காமல், ஒரு ராத்திரி ஆராதனைக்குப் பிறகு சங்கத்துப் பெண்களிடம் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டார். பிரசங்கம் எப்படி என்ற கேள்விக்கு ஓர் அக்கா, “மொதல்ல பண்ணினதெல்லாம் நல்ல பிரசங்கம். எங்க பேரெல்லாம் தெரிஞ்ச பெறகு பண்ணினது எங்களுக்கான பிரசங்கம்” என்றார். படிவத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது.

இது எல்லாச் சேகரத்திலும் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். களத்தில் இருக்கிறவர்கள் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள் என்றால் மதிப்பிடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்களுடைய நேரத்துக்கும் ஒரு மரியாதை வேண்டும். கூலி போகாத நேரமாகப் பார்த்துக் கூட்டம் வைக்க வேண்டும், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பயணச் செலவைக் கல்லூரி கொடுக்க வேண்டும். இதைக் களப்பணித் துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசுவோம் என்றிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த அணி மாணவர்கள் வரப்போகிறார்கள். வேலூருக்குப் போகிற தம்பியிடம், அட்டெண்டர் அக்கா சொல்லித் தந்த வங்காளச் சொற்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உச்சரிப்பை நீங்கள்தான் திருத்த வேண்டும், அக்கா. சிறை வாசலுக்கு வருகிறவளிடம் பெரியம்மாவைத் தேடிப்போய்ப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். கமுதிக்கு வருகிற தங்கை கடலோர ஊர்க்காரி, மூட்டத்தைப் பார்த்ததே இல்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் பிள்ளை,
பி.டி. இறுதியாண்டு, அரசரடி, மதுரை